அரங்கனின் வீதிகளில் ஆற அமர ஒரு நடை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் மாலையாகத் தழுவிச் செல்லும் திருவரங்கத் தீவில், கதிரவன் எழுவதற்கு முன்பே வீதிகள் விழித்துக்கொள்கின்றன. வாசல் தெளிக்கும் ஓசை, கோல மாவின் வெண்மை, எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து வரும் பாசுரக் குரல், விசுவரூப சேவைக்கு விரையும் காலடிகள் எனத் தொடங்குகிறது அவ்வூரின் காலைப் பொழுது. கருவறையின் திரை விலகும் வேளையில் பசுவும் யானையும் அரங்கன் முன்னே வந்து நிற்கின்றன. ஆற்றிலிருந்து திருமஞ்சன நீர் யானையின் மீது எழுந்தருளுகிறது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் முதலாவதாக வைத்துப் போற்றப்படும் பதி இது.

பூலோக வைகுண்டம் என்று இத்தலத்தைப் பெரியோர் அழைத்தனர். ஏழு திருச்சுற்றுகள், இருபத்தொரு கோபுரங்கள், 156 ஏக்கர் பரப்பு, 1987-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்ட 236 அடி இராஜகோபுரம் என்று இதன் பெருமையைக் கணக்கிட்டுச் சொல்வதுண்டு. ஆனால் இவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்த முதியவர்களைக் கேட்டால், அவர்கள் வேறொரு பெருமையைச் சொல்வார்கள். இங்கே கோயிலுக்குள் ஊர் இருக்கிறது. உட்சுற்றுகளில் சந்நிதிகளும் மண்டபங்களும். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும். உத்தர வீதியில் பால் வாங்கச் செல்பவரும், சித்திரை வீதியில் காய்கறி வாங்கச் செல்பவரும் அறிந்தோ அறியாமலோ அரங்கனை வலம் வந்துகொண்டே இருக்கிறார்கள். நடப்பதே இவ்வூரில் வழிபாடு.

அந்த நடையை ஒருவர் இழந்ததும், மெல்ல மெல்ல அதை மீட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

திண்ணையோடு நின்றுபோன உலகம்

கிழக்கு உத்தர வீதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். வயது எழுபத்து நான்கு. ஊரார் அவரை "வாத்தியார் சுவாமி" என்றே அழைப்பர். மனைவி இருந்தவரையில் இருவருமாக நாள்தோறும் தாயார் சந்நிதிக்குச் சென்று வருவது வழக்கம். அம்மையார் பரமபதம் அடைந்த சில மாதங்களில், ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையின் ஈரத் தரையில் வாத்தியார் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆயினும் மனத்தில் ஏதோ முறிந்துபோயிற்று. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் முதலில் அவரைக் கோயிலிலிருந்து பிரித்தது. பிறகு வீதியிலிருந்தும் பிரித்தது. திண்ணையும் சாய்வு நாற்காலியும் தொலைக்காட்சியுமே உலகமாயின. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு. பசி குறைந்தது. நடவாத கால்கள் மேலும் தளர்ந்தன. தளர்ந்த கால்கள் அச்சத்தை மேலும் வளர்த்தன.

சென்னையிலிருக்கும் மகன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "அப்பா, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம். தை மாதம் வந்து உங்களை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்று சொல்லத் தொடங்கினார். மகனின் கவலை நியாயமானது. ஆனால் அரங்கத்தை விட்டுப் போவது என்பது வாத்தியாருக்கு உயிரின் பாதியை விட்டுப் போவது போன்றது. அப்போது ஆவணி மாதம். தை பிறக்க ஐந்து மாதங்கள் இருந்தன.

பரிசோதித்த மருத்துவர் பெரிய நோய் ஏதுமில்லை என்றார். "மாத்திரையைவிட உங்களுக்கு நடை முக்கியம், ஐயா. ஒரே நாளில் நெடுந்தூரம் வேண்டாம். இன்று வாசல்வரை; அடுத்த வாரம் தெருமுனைவரை" என்று அவர் சொல்லி அனுப்பினார். திருவரங்கத்துக்காரருக்கு இதைவிட எளிய வழிகாட்டுதல் வேறு என்ன வேண்டும்? சுற்றுக்குள் சுற்றாக, வாசலுக்குள் வாசலாகத்தானே அந்த ஊரே அமைந்திருக்கிறது.

வாசல்தோறும் ஓர் இளைப்பாறல்

முதல் வாரம் வெள்ளைக் கோபுரம்வரை சென்று, வாயிலில் நின்று கைகூப்பித் திரும்பினார். சுண்ணத்தின் வெண்மை பூண்டு நிற்கும் அக்கோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால் ஆயிரங்கால் மண்டபமும் அதன்முன் மணல்வெளியும் விரிகின்றன. இரண்டாம் வாரம் அந்த மணல்வெளிவரை. அங்கே சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகள் இருக்கின்றன. அவற்றின் எதிரே சற்று அமர்ந்துவிட்டு எழுவார். அமர்ந்து எழுவதே தொடைகளுக்கு ஒரு பயிற்சி என்பதை மருத்துவர் சொல்லியிருந்தார். கையை ஊன்றாமல் எழ முடிந்த நாளில் அவர் முகத்தில் பள்ளிச் சிறுவனின் களிப்புத் தெரிந்தது என்று பக்கத்து வீட்டு மாமி பிற்பாடு கூறினார்.

புரட்டாசி முடிவதற்குள் தாயார் சந்நிதிவரை சென்றுவர அவரால் முடிந்தது. அங்கே கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்று போற்றப்படும் மண்டபமும், அதை நோக்கி உயரத்தில் வீற்றிருக்கும் மேட்டழகிய சிங்கர் சந்நிதியும் உள்ளன. அருகில் தரையில் "ஐந்து குழி" என்று காட்டுவார்கள். ஐந்து விரல்களையும் அக்குழிகளில் பதித்துக் குனிந்து பார்த்தால் பரமபத வாசல் கண்ணுக்குப் புலப்படும் என்பர். வாத்தியார் அங்கே குனியவில்லை. குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும் வயது என்பதை அவர் உணர்ந்திருந்தார். முடிந்ததைச் செய்வதைப் போலவே, முடியாததை வருத்தமின்றி விட்டுவிடுவதும் ஒரு பக்குவம்தான்.

மெல்ல நடப்பது பற்றிச் சிலருக்கு வெட்கம் உண்டு. நம்பெருமாளின் புறப்பாட்டைச் சேவித்தவர்களுக்கு அந்த வெட்கம் எழாது. திருத்தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள், பெருமாளைச் சிம்ம கதியில் எழுந்தருளப் பண்ணுவதுண்டு. சர்ப்ப கதியில் வளைந்து நெளிந்து எழுந்தருளப் பண்ணுவதுண்டு. ஒய்யாரமாக அசைந்தாடி வருவதும் உண்டு. அண்டங்களை ஈரடியால் அளந்தவனுக்கே இடத்துக்கும் வேளைக்கும் ஏற்ற நடை இருக்குமானால், எழுபது கடந்தவர்கள் தமக்கேற்ற நடையைத் தேர்ந்துகொள்வதில் குறை என்ன இருக்கிறது?

அரங்கனுக்கே கஷாயம்

நடைக்கு அடுத்தது உணவு. இதிலும் திருவரங்கம் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது.

உடையவராகிய இராமானுசர் கோயில் நிர்வாகத்தை ஏற்று நடத்திய காலத்தில் நிகழ்ந்ததாகப் பரம்பரையாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஒரு நாள் பெருமாளைச் சேவித்த எம்பெருமானார், திருமுகம் வாடியிருக்கக் கண்டு திடுக்கிட்டார். காரணம் வினவினார். முந்தைய நாள் தயிரமுதோடு நாவற்பழமும் அமுது செய்யப் பண்ணியது தெரியவந்தது. அந்தச் சேர்க்கை பெருமாளின் திருமேனிக்கு ஒவ்வாது போயிற்று என்று உணர்ந்த அவர், உடனே கஷாயம் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்தாராம். மருத்துவத்துக்குத் தெய்வமாகிய தன்வந்திரிக்கு இத்தலத்தில் தனிச் சந்நிதி இருக்கிறது. கோயிலோடு இணைந்த ஆரோக்கியசாலையைப் பற்றிக் கல்வெட்டும் பேசுகிறது.

இதைக் கேட்கும்போது புன்னகை தோன்றலாம். உண்டு உமிழ்ந்து உலகைக் காப்பவனுக்கு நாவற்பழம் என்ன செய்யும்? ஆயினும் இச்செய்தியின் உட்பொருள் ஆழமானது. அன்புடையவர் ஒருவர் திருமுகத்தைப் பார்த்த மாத்திரத்தில் உடல்நிலையை அறிகிறார், காரணத்தை ஆராய்கிறார், கடுமையான விலக்கு எதையும் விதிக்காமல் ஒரு சேர்க்கையை மட்டும் மாற்றுகிறார். அவ்வளவே. முதுமையில் உணவை மாற்ற வேண்டியதும் இப்படித்தான்.

கோயிலின் மடைப்பள்ளியையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே நாள்தோறும் புதிய மண்பாண்டங்களில் தளிகை ஆகிறது. துலுக்க நாச்சியாரின் அன்பை நினைந்து பெருமாளுக்குக் கோதுமை ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நேரம், ஒவ்வொரு அமுதுக்கும் ஒரு படி, ஒரு பக்குவம். கண்ட நேரத்தில் கண்டதை அரங்கன் அமுது செய்வதில்லை.

வாத்தியார் தம் வீட்டில் செய்த மாற்றங்கள் மூன்றே. இரவு ஒன்பதரை மணிக்கு உண்டுவந்ததை ஏழு மணிக்கு மாற்றினார். ஊறுகாயையும் அப்பளத்தையும் தினசரியிலிருந்து பண்டிகை நாளுக்கு மாற்றினார். முதுமையில் தாகம் எளிதில் தோன்றாது என்பதால், காலையில் ஒரு செம்பு நீரை எடுத்துவைத்து மதியத்துக்குள் அதைப் பருகி முடிப்பதை நியமமாகக் கொண்டார். ஏகாதசியன்று முழு உபவாசம் இருக்க முடியவில்லையே என்னும் ஏக்கம் மட்டும் அவருக்கு இருந்தது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்க்கும் எண்பதைக் கடந்தவர்க்கும் உபவாசக் கட்டாயம் இல்லை என்று சாத்திரமே விலக்கு அளித்திருக்கிறது. நோயுற்றோர்க்கும் அந்தத் தளர்வு உண்டு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது பக்தியில் சேராது. எனவே பழமும் பாலும் கொண்டு ஏகாதசியைக் கழித்தார்.

ஓய்வும் ஒரு கைங்கரியம்

ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் நம்பெருமாளுக்கு ஜ்யேஷ்டாபிஷேகம் நடைபெறுகிறது. அதன்பின் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் சுதைத் திருமேனிக்குத் தைலக்காப்புச் சாற்றுகிறார்கள். அக்காலத்தில் பல நாள்களுக்குத் திருவடி சேவை கிடைக்காது. கோடையில் பெருமாளுக்குக் கோடைத் திருநாள். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் குளிர் தாக்காதபடி வஸ்திரத்தின்மேல் வஸ்திரமாகச் சாற்றி மகிழ்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவின் இரவுகளில் திருவீதி கண்டு திரும்பும் பெருமாள், வீணையின் இன்னிசை ஒலிக்க, அமைதியாக ஆஸ்தானம் அடைகிறான்.

பருவத்துக்குத் தக்க உடை, எண்ணெய்க்காப்பு, உரிய காலத்தில் ஓய்வு, உறங்கும் முன் மெல்லிய இசை ஆகியவை அரங்கனின் திருமேனிக்கு அடியார் செய்யும் உபசாரங்கள். அவன் உறையும் மற்றொரு கோயிலாகிய உடம்புக்கும் அவை பொருந்தாமல் போகுமா?

பகலுறக்கத்தை வாத்தியார் அரை மணிக்குச் சுருக்கினார். இரவு எட்டரைக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மனைவி விரும்பிக் கேட்ட பழைய வீணை ஒலிநாடாவைச் சிறிது நேரம் கேட்டார். முதல் சில இரவுகளில் கண்ணீர் வந்தது. பிறகு உறக்கம் வந்தது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி பொருத்தப்பட்டது. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. இவை யாவும் சேர்ந்து ஆன செலவு ஒரு பட்டு வேட்டியின் விலைகூட இராது.

உடையவர் பற்றிய கை

எல்லாம் கூடியும் ஒன்று மட்டும் கூடவில்லை. கைத்தடி எடுத்துக்கொள்ள வாத்தியார் மறுத்தார். "நாற்பது ஆண்டு பிரம்பு பிடித்த கை இது. இப்போது தடி பிடித்து நடந்தால் என் மாணவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பார். சித்திரை வீதியின் நீண்ட சுற்றை அவர் தொடங்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

ஐப்பசியில் ஒரு மாலை உடையவர் சந்நிதியில் அமர்ந்திருந்தார். 1017-இல் அவதரித்து நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று போற்றப்படும் அம்மகான், தானான திருமேனியாக வீற்றிருக்கும் இடம் அது. அருகில் ஒரு பெரியவர் தம் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். முதுமையில் எம்பெருமானார் நீராடச் செல்லும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றி வருவார். குலத்தைக் காட்டிலும் அடியாரின் பெருமையே உயர்ந்தது என உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சியாக வைணவர்கள் இதைப் பலகாலும் பேசி மகிழ்வர். வாத்தியாரும் எத்தனையோ முறை இதை வகுப்பில் சொன்னவர்தாம்.

கதை முடிந்ததும் அந்தச் சிறுவன், "தாத்தா, அவ்வளவு பெரிய ஆசாரியருக்கே கை வேண்டியிருந்ததா?" என்று கேட்டான்.

வாத்தியார் எழுந்து வீட்டுக்கு வந்தார். பரணிலிருந்த தம் தந்தையாரின் கைத்தடியை எடுத்துத் துடைத்தார். அடி தேய்ந்திருந்ததால் மறுநாளே அதற்கு இரப்பர் பூண் போட்டுவந்தார். பழைய மாணவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அவர்களுள் ஒருவர், சித்திரை வீதியில் பூக்கடை வைத்திருப்பவர், தடியோடு வந்த ஆசானைக் கண்டதும் முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க ஐயா, தினமும் இந்த வழியா வாங்க" என்றார். பாதி வழியில் இளைப்பாற அவருக்கு ஓரிடம் அமைந்தது.

துளசி கொய்யும் விரல்கள்

தொண்டரடிப்பொடி ஆழ்வார் இத்தலத்தில் நந்தவனம் அமைத்து, பூத்தொடுத்துப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தவர். திருமாலையையும் திருப்பள்ளியெழுச்சியையும் அருளிய அதே கைகள் மண்ணைக் கிளறின, செடிக்கு நீர் வார்த்தன. மனத்துக்குப் பாசுரமும் கைகளுக்குத் தொண்டும் என்று அமைந்த வாழ்வு அது.

பூக்கடையில் அமர்ந்த வாத்தியாரின் கைகள் சும்மா இருக்கவில்லை. முதலில் துளசியைக் காம்பு பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். பிறகு தொடுக்கக் கற்றுக்கொண்டார். விரல்கள் விறைத்திருந்ததால் முதல் மாலை கோணலாக இருந்தது. மாணவரான கடைக்காரர் அதைச் சிரித்தபடியே பிரித்துக் காட்டி, மீண்டும் கட்டச் சொன்னார். ஆசானுக்கு மாணவர் ஆசிரியரானார். கார்த்திகையில், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவர் அந்தக் கடைவாசலிலேயே அவரிடம் இலக்கணம் கேட்டுச் செல்லத் தொடங்கினர். மூட்டுவலி முற்றும் நீங்கியதா என்றால், இல்லை. மழைக்காலத்தில் அது வரத்தான் செய்தது. ஆனால் ஒரு நாள் முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

தைத்தேர்

சித்திரைத் திருத்தேர் சித்திரை வீதிகளில் ஓடும். தைத்தேரோ உத்தர வீதிகளில் ஓடும். வாத்தியாரின் வீட்டு வாசலைக் கடந்தே செல்லும். அத்தேரைச் சேவிக்கவும், தந்தையாரை அழைத்துச் செல்லவுமாக மகன் விடியற்காலை இரயிலில் வந்து இறங்கினார். வீடு பூட்டியிருந்தது. அவருக்கு நெஞ்சு படபடத்தது. பக்கத்து வீட்டு மாமி சாவியை நீட்டி, "அப்பா விசுவரூபத்துக்குப் போயிருக்கார். திரும்பும்போது பூக்கடை வழியா வருவார். காப்பி குடிச்சுட்டுப் போய்ப் பாரு" என்றார்.

மகன் காப்பி குடிக்கவில்லை. நேரே கடைக்குச் சென்றார். முக்காலியில் அமர்ந்து, சுவரில் சாய்த்த தடியின் பக்கத்தில், தந்தையார் மாலை தொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி அவர் எதிரே நின்று, வேற்றுமை உருபுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் நான்காவதில் தடுமாறியபோது, "கு" என்று எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் தந்தையார் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

அன்று தேர் நிலைக்கு வந்தபின், சென்னைப் பயணத்தைப் பற்றி மகன் ஏதும் பேசவில்லை. "கோடையில் ஒரு மாதம் மட்டும் எங்களோடு வந்து இருங்கள், அப்பா" என்றார். "வருகிறேன். காலையில் நடக்க உங்கள் பகுதியில் ஒரு கோயில் வீதி இருக்கிறதா என்று முதலில் பார்த்து வை" என்றார் வாத்தியார்.

செல்வோர் கவனத்துக்கு

திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டியே திருவரங்கம் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பல இரயில்கள் ஸ்ரீரங்கம் நிலையத்தில் நிற்கின்றன. திருச்சியிலிருந்து நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. முதியவர்கள் வைகுண்ட ஏகாதசியின் பெருங்கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளின் விடியற்காலையில் சேவிப்பது நலம். வெயில் ஏறியபின் கற்றரை காலைச் சுடும். ஒரே நாளில் எல்லாச் சந்நிதிகளையும் சேவித்துவிட வேண்டும் என்று எண்ணாமல், முதல் நாள் பெரிய பெருமாளும் தாயாரும், மறுநாள் உடையவரும் தன்வந்திரியும் சக்கரத்தாழ்வாரும் என்று பிரித்துக்கொள்ளலாம். மண்டபங்களில் அமர்ந்து செல்லலாம். துணைக்கு வருபவர் கை நீட்டினால் பற்றிக்கொள்ளலாம்.

திருவரங்கம் செல்ல இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. அவரவர் ஊர்க் கோயிலிலும் ஒரு திருச்சுற்று இருக்கிறது. இன்று கொடிமரம்வரை, அடுத்த வாரம் ஒரு வலம். எஞ்சிய வீதிகளை அரங்கன் ஒவ்வொன்றாகக் காட்டுவான்.